பழைய லேத்துக்குப் புது மோட்டார்: முதல்முறை மாற்றுகிறவர்களுக்கு

பழைய லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், இரும்பு அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. எண்ணெயும் கவனிப்பும் இருந்தால் அடித்தளமான பெட்டும், சுழலும் தண்டைத் தாங்கும் ஹெட்ஸ்டாக்கும் தலைமுறை தாண்டி உழைக்கும். முதலில் தளர்வது மோட்டார்தான். ஸ்விட்ச் போட்டதும் முனகிக்கொண்டே நிற்கும், அல்லது அரை மணி நேரத்தில் கை வைக்க முடியாத அளவு சுடும். சில சமயம் மோட்டார் நன்றாக ஓடுவது போலத் தெரியும், ஆனால் ஜாப்பின் (கடையும் பொருளின்) மேல் மெல்லிய கோடுகள் வரிசையாக விழும்.

அந்த நேரத்தில் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: மாற்றுவதே மாற்றுகிறோம், பெரிய மோட்டாராகப் போட்டுவிடலாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 1 எச்பிக்காகச் செய்யப்பட்ட லேத்தில் கியர் பல், கீ (புல்லியை ஷாஃப்டோடு பூட்டும் சிறு இரும்புக் கட்டை), பேக் கியர் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர்) ஷாஃப்ட் எல்லாமே அந்த 1 எச்பியைத் தாங்கும் கணக்கில்தான் இருக்கும். டூல் (வெட்டும் உளி) ஜாப்பில் மாட்டிக்கொள்ளும் நாளில் பெல்ட் வழுக்கி இயந்திரத்தைக் காப்பாற்றும். 3 எச்பி மோட்டாரும் இறுக்கிய பெல்ட்டும் சேர்ந்தால் வழுக்காது, பல்தான் உடையும். பழைய லேத்தின் கியரை மறுபடி தேடுவது எவ்வளவு பெரிய பாடு என்பது தேடியவருக்குத்தான் தெரியும். அதே திறன், இன்னும் சீரான ஓட்டம், வேண்டிய வேகம்: இந்த மூன்றும் கிடைத்தால் அதுதான் நல்ல மாற்றம்.

லேத்தை வைத்தே சொல்லிக்கொண்டு போகிறேன். பெல்ட்டில் ஓடும் டிரில்லிங் மெஷினுக்கும் மில்லிங் மெஷினுக்கும் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

மாற்றத்தான் வேண்டுமா?

பல பழைய மோட்டார்கள் சாகாமலே தூக்கி எறியப்படுகின்றன. பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். சிங்கிள் பேஸ் மோட்டார் முனகுகிறது, சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டர் போயிருக்கும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் சென்ட்ரிஃப்யூகல் ஸ்விட்சின் முனை கரி பிடித்திருக்கும். இரண்டுமே சின்ன வேலை. கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங். மூடியைக் கழற்றினால் பேரிங்கின் பக்கத்திலேயே எண் இருக்கும். 6203 என்றால் உள்விட்டம் 17 மில்லிமீட்டர், 6204 என்றால் 20. அதே எண்ணில் புதியது வாங்கிப் போட்டால் போதும்.

கெப்பாசிட்டரைத் தொடும் முன் ஒரு எச்சரிக்கை. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் சார்ஜ் நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் முனைகளைச் சேர்த்துப் பொறி பறக்க விடுவது பலருக்குப் பழக்கம், அது வேண்டாம். 20 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேஷன் உள்ள கிளிப்பால் முனைகளுக்கு இடையே மாட்டி, நிதானமாக அரை நிமிடம் விடுங்கள். பிறகு மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

வைண்டிங்கே போயிருந்தால், அதாவது எரிந்த வார்னிஷ் வாசனை, 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டரில்) உடம்புக்கும் சுருளுக்கும் இடையே 1 மெக் ஓமுக்கும் கீழே அளவு, அப்போது மாற்றத்தான் வேண்டும். மோட்டார் நல்ல நிலையில் இருந்தும் ஃபினிஷ் சரியில்லை என்பதற்காக மாற்றுவதும் நியாயமான காரணமே. சிங்கிள் பேஸ் மோட்டாரின் முறுக்கு விசை ஒரே சீராக வருவதில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வினாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஸ்பிண்டில், அதாவது ஜாப்பைச் சுழற்றும் தண்டு, 600 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 600 சுற்று) சுற்றினால் ஒரு சுற்றுக்கு 10 துடிப்பு. அது பெல்ட் வழியாக ஸ்பிண்டிலுக்கு வந்து, ஜாப்பின் மேல் 10 கோடாக நிற்கும். டூலைத் தீட்டித் தீட்டிப் பார்த்தும் போகாத கோடு இதுவாக இருக்கலாம். த்ரீ பேஸ் மோட்டாரில் மூன்று பேஸ்களும் ஒன்றின் தொய்வை மற்றொன்று நிரப்புவதால் அந்தத் துடிப்பு இருக்காது. முதல் தடவை மாற்றி ஓட்டும்போது லேத்தின் சத்தமே மாறிவிடும், கேட்டால் புரியும்.

கழற்றும் முன் எழுதி வையுங்கள்

இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை அளவெடுக்காமல் வாங்குவதால் வருபவை. ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நேம் பிளேட்டில் உள்ளதை எல்லாம் அப்படியே எழுதுங்கள்: திறன், வோல்ட், ஆம்பியர், ஆர்பிஎம். கிலோவாட்டில் இருந்தால் 0.75 என்பது ஏறக்குறைய 1 எச்பி. ஆர்பிஎம்தான் முக்கியமான எண். 50 ஹெர்ட்ஸில் 1400க்கும் 1450க்கும் இடையே என்றால் 4 போல் (காந்த முனை) மோட்டார். 2800க்கு மேல் என்றால் 2 போல், 900 சொச்சம் என்றால் 6 போல். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் 4 போல் மோட்டார் 1725க்கு அருகே ஓடும். 2 போலைக் கழற்றிவிட்டுக் கவனிக்காமல் 4 போலைப் போட்டால், ஸ்பிண்டில் வேகம் பாதியாகிவிடும். பிறகு புல்லியை மாற்றிக்கொண்டு உட்கார வேண்டும்.

அடுத்து, ஷாஃப்டின் விட்டம், கீயின் அகலம், பாதத்திலிருந்து ஷாஃப்டின் மையம் வரை உயரம், பாதத் துளைகளின் இடைவெளி, புல்லியின் விட்டம், பெல்ட்டின் மேல் அகலம். பெல்ட் 13 மில்லிமீட்டர் அகலம் என்றால் ஏ பெல்ட், 17 என்றால் பி, 10 என்றால் இசட். மோட்டாரின் பின்பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். புது மோட்டாரின் டெர்மினல் பாக்ஸ் எந்தப் பக்கம் வரும் என்பதை யோசிக்காமல் வாங்கி, அது லேத்தின் காலில் இடித்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்பிண்டில் எந்தப் பக்கம் சுற்றுகிறது, ஒவ்வொரு பெல்ட் நிலையிலும் எத்தனை ஆர்பிஎம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றும்போது ஒயர்களை நிறத்தோடு ஃபோட்டோ எடுங்கள். பழைய ஒயரில் ரப்பர் இன்சுலேஷன் காய்ந்து உதிரும் நிலையில் இருந்தால் அதை மறுபடி பயன்படுத்தவே வேண்டாம்.

எந்த மோட்டார், எந்த டிரைவ்

வீட்டிலோ சிறிய பட்டறையிலோ த்ரீ பேஸ் இணைப்பு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். 230 வோல்ட் சிங்கிள் பேஸை உள்ளே வாங்கி, 230 வோல்ட் த்ரீ பேஸாக வெளியே தரும் விஎஃப்டி டிரைவ் எளிதாகக் கிடைக்கும். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி, வேகத்தையும் அதிலேயே கூட்டிக் குறைக்கலாம். ஆனால் மோட்டார் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இங்கேதான் முதல்முறை வாங்குகிறவர்கள் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

த்ரீ பேஸ் மோட்டாரின் நேம் பிளேட்டில் இரண்டு வோல்டேஜ் இருக்கும். '230/400, டெல்டா/ஸ்டார்' என்று இருந்தால் அது உங்களுக்கானது. டெல்டா, ஸ்டார் என்பவை மோட்டாரின் மூன்று சுருள்களையும் ஒன்றோடொன்று இணைக்கும் இரண்டு முறைகள். டெல்டாவாக இணைத்தால் 230 வோல்ட்டில் முழுத் திறன் தரும். '400/690' என்று இருந்தால் அந்த மோட்டாருக்கு டெல்டாவிலேயே 400 வோல்ட் தேவை. 230 வோல்ட் டிரைவில் மாட்டினால் சுற்றும், ஆனால் சக்தி இருக்காது, வெட்டும்போது நின்றுவிடும். பழைய மோட்டார் ஒன்று சும்மா கிடைக்கிறது என்று எடுக்கும் முன் மூடியைத் திறந்து எத்தனை முனை வெளியே வருகிறது என்று எண்ணுங்கள். 6 முனை இருந்தால் மாற்றி இணைக்கலாம். 3 மட்டும் என்றால் ஸ்டார் இணைப்பு உள்ளேயே கட்டப்பட்டிருக்கலாம்.

உடல் அளவுக்கு ஃபிரேம் எண்ணைப் பாருங்கள். ஃபிரேம் எண் என்பதே பாதத்திலிருந்து ஷாஃப்ட் மையம் வரை உள்ள உயரம், மில்லிமீட்டரில். 71 ஃபிரேமுக்கு ஷாஃப்ட் 14 மில்லிமீட்டர், 80க்கு 19, 90க்கு 24. 4 போல் 0.75 கிலோவாட் வழக்கமாக 80 ஃபிரேமில் வரும். சுற்றிலும் மூடி, பின்னால் விசிறி உள்ள வகையையே எடுங்கள். லேத்துக்குப் பக்கத்தில் சீவலும் கூலன்ட்டும் போகாத இடமே கிடையாது.

டிரைவ் வாங்கும்போது எச்பியை மட்டும் பார்க்காமல் ஆம்பியரைப் பாருங்கள். மோட்டார் நேம் பிளேட்டில் டெல்டாவுக்கான ஆம்பியர், அதாவது இரண்டில் பெரிய எண், டிரைவின் அவுட்புட் ஆம்பியருக்குள் அடங்க வேண்டும். டிரைவ் உள்ளே இழுக்கும் கரன்ட் மோட்டாருக்குப் போவதைவிட அதிகமாக இருக்கும். ஒயரும் பிரேக்கரும் அதன் கையேட்டில் சொல்லியிருக்கும் இன்புட் அளவுக்கு ஏற்றபடி இருக்கட்டும். வெக்டர் கன்ட்ரோல் வசதி உள்ள டிரைவ் குறைந்த வேகத்திலும் இழுவை விடாது. அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிப்பது தகும் என்பது என் கருத்து.

புல்லியும் பீடமும்

புல்லியைக் கழற்றச் சுத்தியல் எடுக்காதீர்கள். பழைய மோட்டாரை மறுபடி பயன்படுத்துவீர்களோ மாட்டீர்களோ, வார்ப்பிரும்புப் புல்லி ஓர் அடியில் விரிசல் விடும். புல்லியை ஷாஃப்டில் பிடித்திருக்கும் தலையில்லாத கிரப் ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். அதற்கு அடியில் இன்னொன்று ஒளிந்திருக்கலாம், டார்ச் அடித்துப் பாருங்கள். துரு எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். அப்புறம் புல்லர் மாட்டி மெதுவாக இழுங்கள்.

புது ஷாஃப்ட் பெரியதாக இருந்தால் பழைய புல்லியின் துளையைப் பெரிதாக்க வேண்டும். இதற்கு அந்த லேத்தேதான் வேண்டும், ஆனால் அதற்கு மோட்டார் இல்லை! எனவே பழைய மோட்டாரைக் கழற்றும் முன்பே, மாற்றுப் புல்லி ஒன்றைக் கடைந்து வைத்துக்கொள்ளுங்கள், அல்லது அந்த வேலையை வேறு பட்டறையில் கொடுங்கள். புது ஷாஃப்ட் சிறியதாக இருந்தால் துளைக்குள் புஷ் (உள்வளையம்) கடைந்து போடலாம். எப்படிச் செய்தாலும் புல்லி ஷாஃப்டில் ஏறிய பிறகு டயல் இன்டிகேட்டர் வைத்துச் சுற்றிப் பாருங்கள். ஆட்டம் 0.05 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. கோணலாக ஓடும் புல்லி, த்ரீ பேஸ் மோட்டாரால் கிடைத்த சீரை எல்லாம் தின்றுவிடும்.

வேகக் கணக்கு எளிது. மோட்டார் ஆர்பிஎம்மை மோட்டார் புல்லி விட்டத்தால் பெருக்கி, எதிர்ப் புல்லி விட்டத்தால் வகுக்கவும். 1440 ஆர்பிஎம், 75 மில்லிமீட்டர் புல்லி, எதிரே 225 என்றால் 480 ஆர்பிஎம். ஏ பெல்ட்டுக்கு 75க்கும் குறைந்த புல்லி போடாமல் இருப்பது நல்லது. வளைவு கடினமாகி பெல்ட் சூடாகும், வழுக்கும்.

பாதத் துளைகள் பொருந்தாவிட்டால் லேத்தின் பீடத்தில் புதுத் துளை போடாமல், இடையில் 10 அல்லது 12 மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஒன்றை வையுங்கள். மோட்டாருக்கான துளைகள் அந்தத் தகட்டில் நீள்துளையாக இருக்கட்டும். நாளைக்குப் பழைய மோட்டாரையே திரும்ப மாட்ட நினைத்தாலும் லேத் காயமில்லாமல் இருக்கும். புல்லி மோட்டாரின் தோள் பக்கமாக ஒட்டி நிற்கட்டும். ஷாஃப்ட் நுனியில் தொங்கினால் முன் பேரிங் சீக்கிரம் போகும். இரண்டு புல்லிகளின் முகத்திலும் நேர்கோலை வைத்து, நான்கு இடத்திலும் தொடுகிறதா என்று பாருங்கள். புல்லிகளின் விளிம்புத் தடிமன் வேறாக இருந்தால் அந்த வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பெல்ட்டையும் கையோடு மாற்றிவிடுங்கள். பல வருடம் ஒரே வளைவில் நின்ற பெல்ட் அந்த வடிவத்திலேயே இறுகிப்போய், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குதி குதிக்கும். இறுக்கம் எவ்வளவு என்றால், இரு புல்லிகளுக்கு இடையே 40 சென்டிமீட்டர் இருந்தால் நடுவில் விரலால் அழுத்தும்போது 6 மில்லிமீட்டர் அளவு இறங்க வேண்டும்.

மின் இணைப்பு

இந்தப் பகுதியில் உங்களுக்குப் பழக்கம் இல்லையென்றால் தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். கூட நின்று பாருங்கள், ஆனால் கற்றுக்கொள்ள உயிரைப் பணயம் வைக்காதீர்கள். மெயினை அணைத்துப் பூட்டுங்கள், டெஸ்டரால் பாருங்கள், அப்புறம் தொடுங்கள். டிரைவுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களில் 325 வோல்ட் டிசி நிற்கும். அணைத்த பிறகு எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று மூடியிலேயே அச்சடித்திருக்கும்.

மோட்டார் டெர்மினல் பாக்ஸில் மேல் வரிசை டபிள்யூ2, யு2, வி2, கீழ் வரிசை யு1, வி1, டபிள்யூ1. மூன்று லிங்க்கையும் செங்குத்தாக, மேலும் கீழும் சேர்த்துப் போட்டால் டெல்டா. மேல் வரிசை மூன்றையும் கிடையாகச் சேர்த்தால் ஸ்டார். கடையிலிருந்து வரும்போது ஸ்டாரில் இருக்க வாய்ப்பு அதிகம். மறக்காமல் மாற்றுங்கள். டிரைவிலிருந்து மூன்று ஒயர் கீழ் வரிசைக்கு, நான்காவது எர்த் ஒயர் உடம்புக்கு. மேல் வலையுள்ள ஷீல்டு கேபிளாக, முடிந்தவரை குட்டையாக இருக்கட்டும். வலையை இரண்டு முனையிலும் எர்த்தில் சேருங்கள்.

டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே எந்த ஸ்விட்சும் வரக்கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். பழைய லேத்தில் முன்னால், பின்னால் ஓட்டும் டிரம் ஸ்விட்ச் ஒன்று இருக்கும். அதை அந்த இடத்திலேயே விட்டுவைத்து மோட்டார் ஒயரை அதன் வழியாகக் கொண்டுபோனால், ஓடும்போது ஒருமுறை திருப்பினாலே டிரைவ் போய்விடலாம். அந்த ஸ்விட்ச் வேண்டுமென்றால் டிரைவின் கன்ட்ரோல் முனைகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அங்கே ஓடுவது சிறு வோல்டேஜ்தான். பழைய ஸ்விட்சின் கரி பிடித்த முனைகள் பெரிய கரன்ட்டைக் கடத்தினாலும் இந்தச் சிறு வோல்டேஜில் சரியாகத் தொடாமல் போகலாம். சுத்தம் செய்தும் தகராறு செய்தால் புது ஸ்விட்ச் போடுங்கள்.

எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் அவசியம். சாதாரண நிலையில் மூடியிருந்து அழுத்தினால் திறக்கும் வகையாக இருக்கட்டும். அப்படியானால் ஒயர் அறுந்தாலும் இயந்திரம் நிற்கும். மின்சாரம் போய்த் திரும்பும்போது லேத் தானாக ஓடத் தொடங்காதபடி டிரைவில் ஆட்டோ ரீஸ்டார்ட்டை நிறுத்தி வையுங்கள். சக்கில், அதாவது ஜாப்பைப் பிடித்துச் சுற்றும் தலையில், கை வைத்திருக்கும் நேரத்தில் கரன்ட் வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

எர்த் லீக்கேஜ் பிரேக்கர் அடிக்கடி விழுந்தால் அதைக் கழற்றிவிடுவது தீர்வு கிடையாது. டிரைவுக்கு எந்த வகைப் பிரேக்கர் என்று கையேடு சொல்லும், அந்த வகையைப் போடுங்கள். டிரைவைச் சீவல் போகாத பெட்டிக்குள், காற்றோட்டத்தோடு மாட்டுங்கள். ஒரு சின்ன இரும்புச் சீவல் உள்ளே விழுந்தால் போதும். லேத் விளக்கு, கூலன்ட் பம்ப் எதையும் டிரைவின் அவுட்புட்டில் இணைக்க வேண்டாம். அவற்றுக்குத் தனி லைன்.

முதல் ஓட்டம்

பெல்ட் இல்லாமல் தொடங்குங்கள். டிரைவில் முதலில் மோட்டார் நேம் பிளேட்டில் உள்ள வோல்ட், ஆம்பியர், ஹெர்ட்ஸ், ஆர்பிஎம் நான்கையும் பதிய வேண்டும். ஆம்பியர் சரியாக இருந்தால்தான் ஓவர்லோடு பாதுகாப்பு வேலை செய்யும். டிரைவ் தானே மோட்டாரை அளந்துகொள்ளும் ஆட்டோ டியூன் இருந்தால் இப்போதே செய்துவிடுங்கள். வேகம் எடுக்கும் நேரம் 3 வினாடி, நிற்கும் நேரம் 5 வினாடி என்று வைத்து ஆரம்பிக்கலாம். 10 ஹெர்ட்ஸில் ஓட்டிப் பாருங்கள். திசை மாறியிருந்தால் அணைத்து, காத்திருந்து, மோட்டாருக்குப் போகும் மூன்றில் ஏதாவது இரண்டை இடம் மாற்றுங்கள். பிறகு பெல்ட் போட்டு, சக்கில் ஜாப் எதுவும் இல்லாமல் ஒவ்வொரு நிலையிலும் ஓட்டுங்கள்.

நிற்கும் நேரத்தைக் குறைக்க ஆசை வரும். மரைசுற்றி மாட்டும் சக் உள்ள பழைய லேத் என்றால் அந்த ஆசையை அடக்குங்கள். ஸ்பிண்டில் சட்டென்று நின்றால் கனமான சக் தன் வேகத்திலேயே மரை கழன்று வெளியே வரும். பின்னோக்கி ஓட்டி வெட்டுவதும் அப்படித்தான், அந்த லேத்தில் கூடவே கூடாது. வேறு வகையில் பூட்டிய சக் என்றாலும், நேரம் மிகக் குறைவாக இருந்தால் டிரைவ் ஓவர் வோல்டேஜ் என்று காட்டி நின்றுவிடும். நிற்கும்போது திரும்பி வரும் சக்தியைச் சூடாக்கி வெளியேற்றும் பிரேக்கிங் ரெசிஸ்டர் சேர்த்தால் அது தீரும்.

பெல்ட்டை மறந்துவிடாதீர்கள்

டிரைவ் வந்த பிறகு பெல்ட் மாற்றுவதையே விட்டுவிடுகிறவர்கள் பலர். குமிழைத் திருப்பினால் வேகம் குறைகிறதே, பெல்ட் எதற்கு என்று கேட்பார்கள். மோட்டாரை 25 ஹெர்ட்ஸில் ஓட்டினால் முறுக்கு விசை ஏறுவதில்லை, ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கும், திறன் பாதியாகிவிடும். பெல்ட்டில் வேகத்தைப் பாதியாக்கினால் முறுக்கு விசை இரண்டு மடங்கு. பெரிய விட்டமுள்ள ஜாப்பை ஆழமாக வெட்டப் பெல்ட்டையும் பேக் கியரையும்தான் நாட வேண்டும். குமிழ், வெட்டும்போது வேகத்தைச் சற்றே கூட்டிக் குறைத்து நல்ல ஃபினிஷைத் தேடுவதற்கு.

குறைந்த ஹெர்ட்ஸில் மோட்டார் விசிறியும் மெதுவாகச் சுற்றும். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே நீண்ட நேரம் பாரம் கொடுத்தால் சூடு ஏறும். மேலே 70, 75 ஹெர்ட்ஸ் வரை 4 போல் மோட்டார் பொதுவாகத் தாங்கும், ஆனால் 50க்கு மேல் போகப்போக முறுக்கு விசை குறையும். மோட்டார் தாங்குகிறது என்பதால் ஸ்பிண்டில் தாங்கும் என்றில்லை. பழைய லேத்தின் புஷ் பேரிங்குக்கும் வார்ப்பிரும்புச் சக்குக்கும் ஓர் உச்ச வேகம் உண்டு. அதைக் கணக்கிட்டு டிரைவின் மேல் வரம்பை அங்கேயே பூட்டிவிடுங்கள், வேகமான பெல்ட் நிலையை வைத்து.

முதல் பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு புதுப் பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருக்கும், இறுக்குங்கள். கிரப் ஸ்க்ரூவையும், மெயினை அணைத்துக் காத்திருந்து டெர்மினல் திருகுகளையும் ஒருமுறை பாருங்கள். டிரைவில் நீங்கள் பதிந்த எண்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வையுங்கள். பழைய மோட்டாரைப் பார்த்து எழுதி வைத்த அந்த முதல் காகிதத்தையும் அதன் பக்கத்திலேயே.